கிறீச்சா, கறகறவா?

"சத்தமே வரலையே சார்."

போன சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி மெக்கானிக் இந்த மூன்று சொற்களைச் சொன்னபோது, பக்கத்து சீட்டில் இருந்த நம்மவருக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மெக்கானிக்மேல் இல்லை, பாவம். வண்டிமேல்தான். பதினேழு நாளாகப் பிரேக்கில் கால் வைத்தபோதெல்லாம் தெருநாய்கள் தலைதூக்கிப் பார்க்கும்படி அலறிய வண்டி, மெக்கானிக் ஏறி உட்கார்ந்ததும் ஹெட்மாஸ்டரைக் கண்ட பையனாட்டம் கைகட்டி வாய்பொத்திக்கொண்டது. ஒரு சுற்று இல்லை, மூன்று சுற்று. வடபழனிச் சந்துகளில் வேகமாகப் போய் மிதித்தார், மெதுவாகப் போய் மிதித்தார், ரிவர்ஸில் வந்தும் மிதித்தார். ம்ஹூம். "நல்லாதானே இருக்கு" என்று இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியின் கீழே புகுந்துவிட்டார். நம்மவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை வந்தார். குறுக்கே வந்த சைக்கிளுக்காகப் பிரேக்கை லேசாகத் தொட்டார்.

கிறீ...ச்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

இந்த வியாதியின் மற்ற அறிகுறிகளை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மதிலோரமாகவே ஓட்டுவது (சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும் அல்லவா), சிக்னலில் பக்கத்து வண்டி கத்தினால் தன்னுடையதுதான் என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வது, அது அடுத்தவருடையது என்று தெரிந்ததும் அவரைத் துக்க வீட்டில் பார்ப்பதுபோல் பார்ப்பது, நாலு நாள் பொறுத்துவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பது. ரேடியோவால் குணமான பிரேக் கோளாறு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் கூட்டாதவர் யார்?

மெக்கானிக் எதிரில் சத்தத்தை வரவழைப்பதற்கு, அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நம்மவர் ஓர் எளிய வழி கண்டுபிடித்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஆனால் அதற்கு முன்னால் சத்தத்துக்குப் பெயர் வைத்தாக வேண்டும். பெயர் வைக்காத சத்தத்தை யாரும் மதிப்பதில்லை.

முதலில் அவர் போனது ஏசி போட்ட சர்வீஸ் சென்டருக்கு. டேப்லெட்டும் கையுமாக வந்த இளைஞர், "என்ன கம்ப்ளெயின்ட் சார்?" என்றார். நம்மவர் நான்கு நிமிடம் விளக்கினார். வாயைக் குவித்து, பல்லைக் கடித்து, ஒரு கட்டத்தில் கண்ணைக்கூட மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை அப்படியே செய்து காட்டினார். சோபாவில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் குழந்தையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இளைஞர் டேப்லெட்டில் தட்டியது இரண்டே சொல்: பிரேக் நாய்ஸ்.

பிரேக் நாய்ஸாம். தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர் சத்தத்தை 'நாய்ஸ்' என்று எழுதிவிட்டுப் போகலாமா? சத்தத்துக்குச் சொல் இல்லாத மொழியா இது? கறகற, நறநற, கரகர, கடகட, தடதட, சரசர, மொறுமொறு, சலசல, கலகல என்று ஒலிக்கு ஒரு சொல் வைத்திருக்கிற மொழி. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே இரட்டைக்கிளவிக்கு ஒரு சூத்திரம் ஒதுக்கியிருக்கிறார். இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது என்பதை ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா பிரம்பை ஆட்டிச் சொல்லிக்கொடுத்தார். அடுக்குத்தொடர் வேறு. அதைப் பிரித்தாலும் பொருள் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு என்று அடுக்கியும் வரும். இந்த வித்தியாசத்தால் வாழ்க்கையில் என்ன பிரயோசனம் என்று அன்று கடைசி பெஞ்சில் இருந்து முணுமுணுத்தவர் நம்மவர். (முணுமுணு, இரட்டைக்கிளவி.) முப்பது வருடம் கழித்து, ஆற்காடு ரோட்டில், ஒரு வாட்டர் டேங்கர் லாரிக்குப் பின்னால் அவருக்கு ஞானம் பிறந்தது. பிரேக் சத்தத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது.

எப்படி என்று கேளுங்கள். 'கறகற'வைப் பிரிக்க முடியாது. 'கற' என்று ஒரே ஒரு முறை பிரேக் சொல்வதில்லை. காலை வைத்ததிலிருந்து எடுக்கும் வரை இடைவெளி இல்லாமல் ஓடும். அப்படியானால் ஏதோ ஒன்று தொடர்ந்து உரசுகிறது: பேடு, டிஸ்க், அல்லது டிரம்முக்குள் ஷூ. 'டொக்' அப்படியில்லை. ஒன்று தனியாக வரும். 'டொக், டொக், டொக்' என்று அடுக்கினால் ஒவ்வொன்றும் தனி இடி. அப்படியானால் ஏதோ ஒன்று ஆடி, இடிக்கிறது: காலிபர் பின் தளர்ந்திருக்கலாம், பேடைப் பிடித்திருக்கும் கிளிப் விழுந்திருக்கலாம், லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கலாம். இரட்டைக்கிளவி என்றால் உரசல், அடுக்குத்தொடர் என்றால் இடிப்பு. நன்னூலுக்கு உரை எழுதியவர்கள்கூட இவ்வளவு தூரம் வந்ததில்லை என்று நம்மவருக்கு எண்ணம்.

சந்தம் வேறு இருக்கிறது. சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்று. 'கறக்... கறக்... கறக்' என்று நொடிக்கு மூன்று வந்து, வண்டி மெதுவாக மெதுவாக அதுவும் மெதுவானால், சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. டிஸ்க் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்கலாம். அப்போது ஸ்டியரிங்கும் கையில் உதறும். இல்லையென்றால் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கிற தூசித் தகட்டுக்கும் நடுவில் ஒரு ஜல்லி மாட்டியிருக்கலாம். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி கிடைக்கும் பிரசாதம். பிரேக்கைத் தொடாதபோதும் கத்தும். கேட்டால் வண்டியே இரண்டாகப் பிளக்கப்போகிறது என்று தோன்றும். மிளகளவு கல்.

'கறகற'வா 'நறநற'வா என்பதில் வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. "நறநறன்னா பல்லைக் கடிக்கிறதுங்க. கரகரன்னா தொண்டை. இது ரெண்டும் இல்ல" என்பது நம்மவரின் மனைவி கட்சி. மகள் கல்லூரியில் படிப்பவள். அவளுக்கு எல்லாச் சத்தமும் "ஒரு மாதிரி சத்தம்". சரியாகச் சொன்னது நம்மவரின் அம்மா மட்டும்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், இதே வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தபோது எழுபத்தைந்து வயது அம்மா சொன்னார்: "டேய், கிரைண்டர்ல மாவு கம்மியா இருந்தா கல்லும் கல்லும் உரசுமே, அந்தச் சத்தம்டா இது."

அதேதான். பேடில் இருக்கிற உராய்வுப் பொருள் முழுவதும் தேய்ந்து, பின்னால் இருக்கிற இரும்புத் தகடே டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. நடுவில் மாவு இல்லை. நம்மவர் அன்று, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, தூசு" என்று ரேடியோவைக் கூட்டினார். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியபோது டிஸ்க்கில் பழைய இசைத்தட்டு மாதிரி வரி வரியாக ஓடியிருந்தது. நகத்தை வைத்தால் தடுக்கியது. லேத்தில் கொடுத்துச் சீவலாமா என்று கேட்டதற்கு, டிஸ்க்கின் விளிம்பில் பொறித்திருந்த ஓர் எண்ணைக் காட்டினார் அவர். அந்தக் கனத்துக்குக் கீழே போனால் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான், சீவக் கூடாது. இரண்டு டிஸ்க், ஒரு செட் பேடு. பில்லை அம்மாவிடம் காட்டவில்லை.

வாயால் சத்தம் செய்து காட்டி அவமானப்படுவது நம்மவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் இதை வைத்தே ஒரு வானொலி நிகழ்ச்சி ஓடியது. பெயர் 'கார் டாக்'. டாம், ரே மாக்லியோஸி என்ற சகோதரர்கள், இருவரும் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள், 1977இல் பாஸ்டன் வானொலியில் தொடங்கினார்கள். 1987 முதல் 2012 வரை புதுப்புது நிகழ்ச்சிகளாக நாடு முழுவதும் கேட்டது. காரில் என்ன கோளாறு என்று கேட்டுப் போன் செய்கிறவர்கள் தங்கள் வண்டியின் சத்தத்தைத் தாங்களே செய்து காட்ட வேண்டும். ஆடிட்டரும் பேராசிரியரும் லட்சக்கணக்கானோர் கேட்க 'க்ளங்க், க்ளங்க்' என்று கத்தினார்கள். சகோதரர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பெரும்பாலும் சரியாகவும் சொன்னார்கள். நம்மூரில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நம்மவர் நிரந்தர நேயராகியிருப்பார். இங்கே ஒரு பாட்டு கேட்கத்தான் போன் செய்ய முடிகிறது.

இப்போதைய சத்தம் கிறீச். இதில் வீட்டில் எல்லாக் கட்சிகளும் உடன்பட்டுவிட்டன.

கிறீச்சுக்கு வயதும் அதிகம். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியது 1902இல். டிஸ்க்கைப் பிடிக்க அவர் செம்பை வைத்தார். செம்பு சீக்கிரம் தேய்ந்தது. உலோகத்தில் உலோகம் உரசினால் எப்படிக் கத்தும் என்பதை எவர்சில்வர் தட்டில் கரண்டியால் சுரண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். டிஸ்க் பிரேக் மதிப்புப் பெற அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953இல் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார்கள் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆக, நூற்றிருபது வருடத்துக்கும் மேலாக மனிதன் பிரேக்கைக் கத்தாமல் இருக்கச் சொல்லிப் பார்க்கிறான். அது கேட்பதாக இல்லை.

காரணம் இயற்பியல். பேடு டிஸ்க்கைப் பிடிக்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. நொடிக்குப் பல்லாயிரம் தடவைகூட நடக்கும் இந்தப் பிடிப்பும் வழுக்கலும் டிஸ்க்கை மணிபோல் அதிரவைக்கிறது. வயலின் கம்பியில் வில்லை இழுக்கும்போது நடப்பதும் இதேதான். ரோசின் தடவிய வில் கம்பியைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டுத்தான் நாதம் வருகிறது. குன்னக்குடி கையில் கிடைத்தால் அது கச்சேரி. நம்மவர் காலில் கிடைத்தால் இது. போதாக்குறைக்கு மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது நொடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு உள்ள ஒலிகளை. பிரேக் கிறீச்சு அடிக்கடி வந்து விழுவதும் அந்த இடத்தில்தான்.

சில கிறீச்சுகளை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தபோது நம்மவர் கொஞ்சம் மனம் உடைந்தார். பல பேடுகளில் ஓரமாக ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேடு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். பேடை மாற்று என்று அர்த்தம். எங்கேயோ ஒரு இன்ஜினியர் மேஜையில் உட்கார்ந்து, ஓட்டுகிறவனுக்கு எந்தச் சத்தம் அதிக எரிச்சல் தரும் என்று யோசித்துச் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

ஆனால் நம்மவரின் பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதுதான் குடைச்சல்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் சத்தம் என்பது பொதுச் சொத்து. தரைத்தளத்து மாமா முதலில் வந்தார். "கொஞ்சம் தேங்கா எண்ணெய் விடுங்களேன், கதவு கீல் கத்தினா விடறதில்லையா?" விடலாம். சத்தம் நிற்கும். வண்டி நிற்காது. இரண்டாம் மாடியில் ரயில்வேயில் ரிட்டயரானவர். வாக்வம் பிரேக் இருந்த காலத்தில் ரயில் எப்படி நின்றது என்பதை அவர் முக்கால் மணி நேரம் விளக்கியதில், அரக்கோணத்தைப் பற்றி நிறையத் தெரிந்தது. ஐடி கம்பெனித் தம்பி ஒருவர், "ஏபிஎஸ் ப்ரோ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு லிஃப்டில் ஏறினார். ஏபிஎஸ் சத்தம் தனி ரகம். அவசரமாக அழுத்தி மிதித்தால் காலுக்கு அடியில் 'கடகடகட' என்று பெடல் துடிக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்து காலை எடுத்துவிடுவார்கள், எடுக்கக் கூடாது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். நம்மவர் வண்டி அதற்கு முந்தைய ஜாதகம், ஏபிஎஸ்ஸே கிடையாது. தம்பியிடம் சொல்வதற்குள் லிஃப்ட் மூடிக்கொண்டது.

இவர்களில் யாருமே ஒரு கேள்வி கேட்கவில்லை. காலையிலா, மத்தியானத்திலா? முதல் மிதியிலா, பத்தாவது மிதியிலா? மழைக்கு மறுநாளா? அழுத்தினாலா, தொட்டாலா? டாக்டரிடம் போனால் எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்பார். காருக்கு மட்டும் பார்த்தவுடன் மருந்து. எரிச்சல் வராதா?

எளிய வழிக்கு வருவோம் என்று பார்த்தால், பத்தாவது நாள் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. டொக். பிரேக் மிதித்தால் ஒரு டொக். மறுபடி வண்டியை எடுத்தால் பின்னால் இன்னொரு டொக். அடுக்குத்தொடர்! இலக்கணப்படி இடிப்பு. நம்மவர் உற்சாகமானார். வீடியோக்கள் பார்த்தார், லோயர் ஆர்ம் புஷ் என்று முடிவு கட்டினார். புதுப்பேட்டை வரை போய், ஒரிஜினல் என்ன விலை, மற்றது என்ன விலை என்று நாலு கடை ஏறி விசாரித்தார். வீட்டுக்கு வந்து சாயங்காலம் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு தேங்காய். வண்டி சத்தம் நிற்க வேண்டுமென்று பிள்ளையாருக்குச் சிதறுகாய் விட மனைவி வெள்ளிக்கிழமை வாங்கி வைத்தது. பிரேக் போட்டால் முன்னால் உருண்டு சீட்டில் இடிக்கும். வண்டியை எடுத்தால் பின்னால் உருண்டு கதவில் இடிக்கும். "எடுத்து வைக்கச் சொன்னேனே, காதுலயே வாங்கலையா?" என்றார் மனைவி. காது அப்போது வேறு வேலையாக இருந்தது.

போனில் பதிவு செய்தாலென்ன என்று ஒருநாள் தோன்றியது. மகளை முன் சீட்டில் உட்காரவைத்து, போனைச் சக்கரத்துப் பக்கம் நீட்டச் சொல்லி, பெருமாள் கோவில் தெருவில் நான்கு நடை. போட்டுக் கேட்டால் காற்று, ஆட்டோ ஹாரன், "அப்பா, எல்லாரும் பாக்கறாங்கப்பா" என்ற மகளின் குரல். கிறீச்சை மட்டும் தேவையில்லாத இரைச்சல் என்று போனே வடிகட்டிவிட்டது போலிருக்கிறது. நம்மவர் அதை மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டினார். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாப்பா என்ன படிக்குது சார்?" என்றார்.

சனிக்கிழமை டீக்கடையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனபோது மெக்கானிக் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி ஈரத்தில் டிஸ்க்மேல் லேசாகத் துரு படியும், வார்ப்பிரும்புதானே. வாட்டர் வாஷ் செய்த மறுநாளும் அப்படித்தான். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் பேடு அதைத் துடைத்துவிடும். வீட்டிலிருந்து ஒர்க்ஷாப்புக்கு வருவதற்குள் ஏழு சிக்னல். துரு போயிற்று, பேடும் சூடாயிற்று, சத்தமும் போயிற்று. "அப்புறம் நீங்க மிதிக்கிற விதம் சார். நான் அழுத்திப் பிடிப்பேன். நீங்க தடவிக் குடுக்கிறீங்க." மெதுவான வேகத்தில் லேசாகத் தொட்டால்தான் கிறீச்சு அதிகம் வரும் என்பது உண்மைதான். எப்போதும் இப்படித் தடவியே ஓட்டினால் பேடின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்து இறுகிவிடுமாம். பேடைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, விளிம்பைக் கொஞ்சம் சரித்து, பின்பக்கத் தகட்டுக்கு மட்டும் கிரீஸ் தடவி மாட்டினார். முன்னூறு ரூபாய். இத்தனை வருடமாக யாருக்கும் தொந்தரவில்லாமல் மென்மையாக ஓட்டுகிற மனிதர் என்று நம்மவர் தம்மைப் பற்றி வைத்திருந்த எண்ணம் அத்தோடு போயிற்று. அதற்குத் தனியாகப் பில் போடவில்லை.

சத்தம் இன்னும் இருக்கிறது. முன்னைவிடக் கொஞ்சம் சுருதி ஏறியிருக்கிறது.

பெடல் தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கினாலோ, பஞ்சுபோல் அமுங்கினாலோ, வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, சத்தத்துக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. வண்டியை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்கை வரச்சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் ஒழுகியிருக்கலாம். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நம்மவர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று யாரும் கேட்க வேண்டாம்.

அந்த எளிய வழி இதுதான்: வியாழக்கிழமை ராத்திரி வண்டியை ஒர்க்ஷாப்பிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. காலையில் முதல் மிதியை மெக்கானிக்கே மிதித்துப் பார்ப்பார். அதுவரை கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலை ஏழு மணிவாக்கில் ஒரு சாம்பல் நிறச் சின்னக் கார், நான்கு கண்ணாடியும் இறக்கி, மதிலை உரசாத குறையாக, பத்து கிலோமீட்டர் வேகத்தில் நின்று நின்று போனால், பின்னாலிருந்து ஹாரன் அடிக்காதீர்கள். உள்ளே இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.